‘சவுண்ட்’ கேள்வியில் மதிப்பெண் போகும் இடம்

ரிசல்ட் வந்துவிட்டது. ஆங்கில மொழி வரலாற்றுத் தாளை அடுத்த முறை எழுதப் போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் இது. காலக்கட்டங்கள், கடன்சொல் பட்டியல் எல்லாம் எல்லாரிடமும் இருக்கும், விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து ‘பொருள்களையும் மூலங்களையும் விளக்குக’ என்று கேட்பார்களே, அந்த 10 மதிப்பெண் கேள்வியைப் பற்றி மட்டும் பேசலாம். சொல்: சவுண்ட்.

பெரும்பாலான விடைத்தாள்கள் முதல் வரியிலேயே சறுக்குகின்றன. ‘சவுண்ட் என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு’ என்று தொடங்கியாயிற்றா, பாதி மதிப்பெண் போயிற்று. சவுண்ட் என்று ஒரு சொல் கிடையாது. வெவ்வேறு வழியில் வந்து ஒரே எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்ட நான்கு சொற்கள் இருக்கின்றன. நல்ல அகராதியைத் திறந்தால், சொல்லின் தோளில் 1, 2, 3 என்று சின்ன எண் போட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாகக் கொடுத்திருப்பார்கள். பொருளைப் படிக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். இந்தத் தாளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தந்திரம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் உண்டு. ‘பலபொருள் ஒருசொல்’ என்று கைப்பழக்கத்தில் எழுதிவிடுவோம். தொல்காப்பியம் அதை வினை வேறுபடுவது, வேறுபடாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. கேட்பவன் பொருளை எப்படிப் பிடிக்கிறான் என்பதுதான் அங்கே அளவுகோல். சொல் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. இந்தத் தாள் கேட்பது அதைத்தான். திங்கள் என்றால் நிலா, மாதம், கிழமை: ஒரே வேர், பொருள் கிளைத்திருக்கிறது. இது பாலிசெமி. ஆறு என்றால் நதி, எண்: நதிக்குப் பழைய வடிவம் யாறு, முதலில் நின்ற யகர மெய் உதிர்ந்ததும் எண்ணோடு உருவம் ஒன்றிப்போயிற்று. இது ஹோமோனிமி. சவுண்ட், ஆறு மாதிரி.

இனி நான்கையும் பார்ப்போம்.

ஓசை: லத்தீன் ‘ஸோனுஸ்’, பிரெஞ்சு ‘ஸோன்’ வழியாக வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதும்போதுகூட அது ‘ஸூன்’தான், கடைசியில் டி கிடையாது. சானட், கான்சனன்ட், ரெசனன்ஸ் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். அவற்றில் எங்கும் அந்த டி இல்லை என்பதையே சான்றாகக் காட்டலாம்.

நலம், பழுதின்மை: பழைய ஆங்கிலச் சொந்தச் சொல். முன்னொட்டு தேய்ந்து உதிர்ந்துவிட்டது. ஜெர்மனில் ‘கெஸுண்ட்’ என்று முன்னொட்டோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. சேஃப் அண்ட் சவுண்ட், சவுண்ட் மைண்ட், சவுண்ட் ஆர்கியுமென்ட் எல்லாம் இது. சவுண்ட் ஸ்லீப்பும் இதுதான், குறட்டைக்குச் சம்பந்தமில்லை.

நீரிணை: பழைய நார்ஸில், அதாவது ஸ்காண்டிநேவியாவின் பழைய ஜெர்மானிய மொழியில், ‘ஸுண்ட்’. நீந்துதல் என்றும் பொருள், நீரிணை என்றும் பொருள். ஸ்விம் என்பதோடு வேர் உறவு உண்டு. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள நீரிணை இன்றும் இந்தப் பெயரில்தான் இருக்கிறது. மீனின் காற்றுப்பைக்கும் ஆங்கிலத்தில் சவுண்ட் என்று ஒரு பெயர் உண்டு. நீச்சல் என்ற பழைய பொருள் அங்கே ஒட்டியிருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் போதும், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆழம் அளத்தல்: பிரெஞ்சு ‘ஸோன்டெர்’. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு கட்டிக் கடலில் இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பி வைப்பார்கள். தரை தட்டினால் கயிற்றில் ஃபாதம் கணக்கு தெரியும். ஒரு ஃபாதம் 6 அடி. மேலே இழுத்தால் கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித் துண்டோ ஒட்டியிருக்கும். அடியில் என்ன தரை என்பதும் தெரிந்துவிடும். ஒருவரை ‘சவுண்ட் அவுட்’ பண்ணுவது என்பது இந்தக் கயிற்றிலிருந்து வந்தது. தமிழில் ‘ஆழம் பார்க்கிறான்’ என்கிறோமே, அதே உருவகம். திமிங்கலம் சவுண்ட் ஆகிறது என்றால் கத்துகிறது என்று எழுதிவிடாதீர்கள், ஆழத்துக்கு மூழ்குகிறது. இந்தப் பிரெஞ்சுச் சொல்லின் மூலத்தில் இரு கட்சி உண்டு: ‘அலைக்கு அடியில்’ என்ற லத்தீன் சேர்க்கை என்பது ஒன்று, மேலே சொன்ன ஜெர்மானிய ‘ஸுண்ட்’ என்பது மற்றது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு நகருங்கள். கட்சி சேர வேண்டாம்.

நான்கும் ஒன்றானது எப்படி? முழு மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது, எழுதுகிறவர்கள்தான் குறைவு. பழைய ‘ஸுண்ட்’ வடிவில் உகரம் குறில். பின்னால் வந்த மெய்க்கூட்டத்தால் அது நீண்டு ‘ஸூண்ட்’ ஆயிற்று. கிரேட் வவல் ஷிஃப்ட், அதாவது ஆங்கில நெடில் உயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம்மாறிய மாற்றம், அந்த ஊகாரத்தை ‘அவு’ ஆக்கியது. ஜெர்மன் ஹுண்ட், கிருண்ட், கெஸுண்ட் அப்படியே நிற்க, ஆங்கிலத்தில் ஹவுண்ட், கிரவுண்ட், சவுண்ட். இந்த மூன்று ஜோடியையும் எழுதிக் காட்டினால் விளக்கமே தேவையில்லை. ஓசைச் சொல் ‘ஸூன்’ ஆக அதே ஊகாரத்தோடு வந்ததால் இதே பாதையில் போயிற்று. மிச்சம் இருந்தது டி மட்டும். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதுவும் ஒட்டிக்கொண்டது. ‘ன்’ சொல்ல நாக்கு நிற்கும் இடமும் டி பிறக்கும் இடமும் ஒன்றே. மூக்கு வழி ஒரு கணம் முந்தி அடைபட்டால் டி தானாக விழும். தண்டரில் டி நுழைந்ததும் இப்படித்தான். பழைய வடிவில் அது இல்லை.

வாக்கியம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் மாட்டவைக்கும் தொடர்கள்:

– சவுண்டிங் போர்டு: ஓசை. மேடைப் பேச்சைக் கூட்டத்தின் பக்கம் திருப்பும் பலகை. ‘சவுண்ட் அவுட்’டோடு குழப்பாதீர்கள்.
– சவுண்டிங் ராக்கெட்: ஆழம் அளத்தல். மேல்வளிமண்டலத்தை அளப்பது. சத்தம் போடுவதால் வந்த பெயர் அல்ல.
– சவுண்ட் பீட்டிங்: நலம். குறைவைக்காமல் கொடுத்த அடி.
– எக்கோ சவுண்டிங்: அளப்பது ஆழம், கருவி ஓசை. பெயரில் வருவது ஆழச் சொல். ஆனால் ஓசையால் நீருக்கடியில் தேடும் கருவியான சோனாரின் பெயரில் முதல் எழுத்துகள் ஓசைச் சொல்லினுடையவை. இதில் விழாதவர் குறைவு.

நேரம்: 18 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் 2 நிமிடம் விடைத்தாள் ஓரத்தில் நான்கு மூலங்களையும் அம்புக்குறி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொருள்களுக்கு 8, ஒன்றான கதைக்கு 6, எடுத்துக்காட்டுக்கு 2. பொருளை நீட்டி முழக்குகிறவர்களுக்கு ஒலி மாற்றம் எழுத நேரமே இருக்காது. பட்டியல் பிடிக்காதவர்கள் கட்டுரையாகவே எழுதலாம், ஆனால் மூலமொழியின் பெயரை அடிக்கோடிடுங்கள்.

பயிற்சிக்கு ‘செட்’டை எடுக்காதீர்கள். அது கடல், ஒரு வாரம் தின்றுவிடும். ‘பார்க்’ நல்லது: நாய் குரைப்பது சொந்தச் சொல், மரப்பட்டை நார்ஸ், பாய்மரக் கப்பல் பிரெஞ்சு வழி. அதைவிட நல்லது ‘பவுண்ட்’. எடை, மாட்டை அடைக்கும் பட்டி, இடிப்பது என மூன்று சொற்கள். அவற்றில் எதில் டி பின்னால் வந்து ஒட்டியது என்று அகராதியைப் பார்க்காமல் முதலில் ஊகியுங்கள். இடிப்பதில்தான்.