செம்மண் மேட்டுல டிரெயில் போட்டு ரேஸ் நடத்துன அனுபவம்

காரைக்குடி சுத்தி சைக்கிள் ஓட்டுறவங்க கொஞ்சம் பேரு சேந்து ஒரு மவுண்டன் பைக் கிளப் வச்சிருக்கோம், சொந்தமா டிரெயில், அதாவது சைக்கிள் ஓட்டுற மண் தடம், போட்டு இந்த மாசியில அதுல ரேஸும் நடத்தி முடிச்சாச்சு. இடம் யாரு குடுத்தா, ஊர்ல ஒண்ணும் சொல்லலையா, பர்மிஷன் எப்படி வாங்குனீங்கன்னு புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து நிறைய பேரு கேக்குறாங்க. எல்லாருக்கும் சேத்து எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

செட்டிநாட்டுல மலை ஏதுப்பான்னுதான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க. நாங்க ஓட்டுற கிராஸ் கன்ட்ரிங்கிற மவுண்டன் பைக் பந்தயத்துக்கு மலை கட்டாயம் இல்லைங்க, வளைவும் ஏத்த இறக்கமும் மாறி மாறி வந்தா போதும். நம்ம பக்கத்து செம்புராங்கல் மேடு மெதுவாச் சரிஞ்சு கண்மாய்ல போய் முடியும், நடுவுல மழைத்தண்ணி அறுத்த ஓடை, பொட்டல், முந்திரித் தோப்புன்னு வரும். பாக்க தட்டையாத் தெரியும், பெடல் மிதிச்சாத்தான் தெரியும் அதுல எவ்ளோ ஏத்தம் இருக்குன்னு. முன்னெல்லாம் ஆட்டுத் தடத்துலயும் கண்மாய்க் கரையிலயும்தான் ஓட்டுவோம். கரை மேல ஓட்டுறது ஊர்க்காரங்களுக்குப் பிடிக்காது, அது நியாயம்தான், டயர் போன தடத்துல தண்ணி இறங்கி கரை கரைஞ்சா அந்த வருஷ வெள்ளாமையே போச்சு. அதனால நமக்குன்னு ஒரு தடம் வேணும்னு முடிவு பண்ணோம்.

இடம் தேடுறதுதான் பெரிய வேலை. பிரான்மலைப் பக்கம் அருமையான சரிவு இருக்கு, ஆனா அந்தக் காடு வனத்துறையோடது. பெரிய பெரிய தைலமரக் காடு நிறைய வனத்தோட்டக் கழகத்தோடது. கண்மாய்ப் பக்கம்னா ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத் துறை, அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம், எது எப்படி இருந்தாலும் நீர்நிலைப் புறம்போக்குல கை வைக்கவே கூடாதுன்னு நாங்களே ஒரு கோடு போட்டுக்கிட்டோம். மிச்சம் இருந்தது பட்டா நிலம்தான்.

கானாடுகாத்தான் தாண்டி உள்ளாற ஒரு ஊர்ல பழைய முந்திரித் தோப்பு ஒண்ணு, பாக்க ஆளில்லாம சீமைக்கருவை மண்டிக் கெடந்துச்சு. விசாரிச்சா நகரத்தார் வீட்டு நிலம். ஐயா காலத்துல வாங்குனது, இப்ப பங்காளிகள்ல ஒருத்தர் சென்னை, ஒருத்தர் கோயம்புத்தூர், ஒரு குடும்பம் மலேசியாவுல, ஊர்ல இருக்குறது ஒரு ஆச்சி மட்டும்தான். ஆச்சிய போய்ப் பாத்தோம். பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "எனக்கு ஒரு பங்குதான் தம்பி, நான் மட்டும் சரின்னு சொன்னா மத்தவுக கோவிச்சுக்குவாக. படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வருவாக, அப்ப வந்து நேர்ல சொல்லுங்க"ன்னாங்க. படைப்புன்னா முன்னோருக்குப் படையல் வைக்கிற குடும்பச் சடங்கு. அந்த யோசனை மட்டும் கிடைக்கலைன்னா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டே நாங்க ஓய்ஞ்சிருப்போம்.

படைப்பு அன்னைக்கு சாப்பாடெல்லாம் முடிஞ்சு எல்லாரும் முகப்புல உக்காந்திருக்கும்போது மேப்ப விரிச்சு காமிச்சோம். அவங்க கேட்ட கேள்வியெல்லாம் ரொம்பச் சரியான கேள்வி. எவனாச்சும் விழுந்து கை கால் ஒடிஞ்சா கேஸ் எங்க மேல வருமா, நாள்பட நீங்க அனுபவ பாத்தியம் கொண்டாடுவீங்களா, நாளைக்கு நிலத்த விக்கணும்னா காலி பண்ணுவீங்களா. எல்லாத்தையும் பத்திரத்துல எழுதினோம். வருஷா வருஷம் புதுப்பிக்கிற அனுமதி, நிலத்துல எந்த உரிமையும் கிடையாது, செங்கல் சிமெண்ட் வச்சு எதுவும் கட்ட மாட்டோம், காய்கிற முந்திரியில கை வைக்க மாட்டோம், ஓட்டுற ஒவ்வொருத்தரும் தன் பொறுப்புலதான் ஓட்டுறேன்னு கையெழுத்துப் போடணும், ரேஸ் அன்னைக்குத் தனியா இன்சூரன்ஸ். இடம் தேடுறவங்க இந்தப் பத்திரம் இல்லாம ஒரு மண்வெட்டியக்கூட எடுக்காதீங்க.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை ஆரம்பிச்சிரலாம்னு நெனைப்பீங்க. ஊரக் கேக்காம எப்படி? அந்தத் தோப்பு நடுவுல ஒரு வரத்துக்கால் போகுது, மேட்டுத் தண்ணிய கண்மாய்க்குக் கொண்டு சேக்குற கால். ஊர்ப் பெரியவரான அம்பலம் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு, "பட்டா அவுக பேர்ல இருக்கலாம், அதுல ஓடுற தண்ணி ஊருக்குச் சொந்தம்." சைக்கிள் ஓட்டுறதப் பத்தி அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல, காலுக்குக் குறுக்க ஒரு சட்டி மண்ணு விழுந்தாலும் சம்மதிக்க மாட்டேன்னாரு. அப்ப நீங்களே கூட வந்து காமிங்கய்யான்னு கேட்டோம், வந்தாரு.

அந்த நடையத்தான் நான் யாருகிட்டயும் விடாம சொல்வேன். கையில ஒரு கம்பு, செருப்ப ஓரமா விட்டுட்டு வெறுங்காலோட நடக்குறாரு. ஒரு எடத்துல குனிஞ்சு கருவைத் தூர்ல சிக்கிக் கெடந்த காஞ்ச சருகக் காமிச்சு, "இந்த ஒசரத்துக்கு ஐப்பசியில தண்ணி வந்திருக்கு பாருங்க"ன்னாரு. இன்னொரு எடத்துல மாவு மாதிரி மெல்லிசு மணல் படிஞ்சிருந்துச்சு, அங்க தண்ணி நின்னு போகுதாம். கொஞ்சம் தள்ளி வெறும் சரளை மட்டும் நிக்குது, அங்க வேகமா ஓடி மண்ண அள்ளிட்டுப் போயிருக்காம். கடைசியா ஒரு பழைய வண்டிப்பாதைக்குக் கூட்டிட்டுப் போனாரு, மேட்டுலேர்ந்து நேரா கீழ இறங்குற பாதை, இப்ப இடுப்பளவு பள்ளம். "எங்க அப்பா காலத்துல இது சமதரை."

இம்பான்னு சொல்ற சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் 1988ல ஆரம்பிச்சது, டிரெயில் போடுறதுக்கு அவங்க சொல்ற விதியெல்லாம் முன்னாடியே படிச்சு வச்சிருந்தோம். சரிவுல நேரா இறங்காத, குறுக்கால போ. தடத்தோட சாய்வு அந்த மேட்டுச் சரிவுல பாதிக்கு மேல போகக்கூடாது. மொத்தத்துல சராசரி 10 சதவீதத்தத் தாண்டக் கூடாது. கொஞ்ச தூரம் இறங்குனா ஒரு சின்ன ஏத்தம் வையி, தண்ணி அங்கயே வெளிய போயிரும். தடத்தோட வெளி ஓரம் லேசா தாழ்வா இருக்கணும். அம்பலம் அந்தப் பள்ளத்துல நின்னு சொன்னதும் அச்சு அசல் இதேதான், அவரு எந்தப் புத்தகமும் படிக்கல.

இத நிலத்துல கொண்டு வர்றதுக்கு பெரிய கருவியெல்லாம் தேவைப்படல. கிளப்ல ஒரு கொத்தனார் அண்ணே இருக்காரு, அவரோட தண்ணி ரொப்புன லெவல் டியூப்தான். ரெண்டு முனையையும் ரெண்டு பேரு பிடிச்சு 20 அடி தள்ளி நிக்கணும், டியூப்ல தண்ணி அடங்குனதும் ரெண்டு பக்கமும் தரையிலேர்ந்து தண்ணி வரைக்கும் டேப் வச்சு அளந்தா, வித்தியாசம் ஒரு அடின்னா சாய்வு அஞ்சு சதவீதம், ரெண்டு அடின்னா பத்து. பத்துக்கு மேல போச்சுன்னா ஒரு ஆளு மேல ஏறி வேற கோடு பிடிக்கணும். இப்படியே குச்சி நட்டு, குச்சியில ரிப்பன் கட்டி மொத்தத் தடத்தையும் குறிச்சோம். தடம் ரெண்டடி அகலம், வெளி ஓரம் ஒண்ணேகால் இஞ்சு தாழ்வு, அது ரசமட்டம் வச்சுப் பாத்தது. ரொம்ப மெதுவான வேலைதான், ஆனா இந்தக் குறிக்கிற வேலையில காட்டுற பொறுமை அப்புறம் வெட்டுற வேலையில பாதிய மிச்சப்படுத்துது.

வரத்துக்கால கடக்குற எடத்துல குழாயும் போடல, கரையும் கட்டல. கால் தரை மட்டத்துக்கே செம்புராங்கல்லப் பதிச்சு சின்னதா ஒரு தாம்போதி மாதிரி விட்டுட்டோம், தண்ணி மேல ஓடும், காஞ்சா சைக்கிள் ஓடும். அம்பலம் வந்து பாத்து கல்லு மேல கம்பால தட்டிட்டு தலையாட்டுனாரு.

கருவை வெட்டுற செலவு எங்களுக்கு வரல. கரிமூட்டம் போடுறவங்ககிட்ட சொன்னோம், அவங்களே வந்து வெட்டி விறக எடுத்துக்கிட்டாங்க. ஆனா அடித்தூர விட்டுட்டுப் போயிருவாங்க, அத கடப்பாரை போட்டு வேரோட தோண்டி எடுக்கலைன்னா மறு மழையில மறுபடி தழைச்சு நிக்கும், அது நம்ம வேலை. பூட்ஸ் இல்லாம யாரையும் உள்ள விடல, சருகுக்குள்ள விரியன் கெடக்கும். அப்புறம் முள்ளு. வெட்டி முடிச்சு பெருக்கித் தள்ளுனாலும் மண்ணுல பொதைஞ்ச முள்ளு மாசக்கணக்குல மேல வந்துக்கிட்டே இருக்கும். டியூப் போட்ட சைக்கிள்ல ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள பஞ்சர். டியூப்லெஸ் மாத்தி உள்ள சீலன்ட் ஊத்துனவங்க பொழைச்சாங்க, முள்ளு குத்துன ஓட்டைய அதுவே அடைச்சிரும், ஆனா நம்ம வெயிலுக்கு அது சீக்கிரமே காஞ்சிருது, அடிக்கடி தொறந்து பாத்து ஊத்தணும்.

மண்ணப் பத்தி ஒண்ணு முக்கியமா சொல்லணும். கோடையில வெட்டாதீங்க. செம்புராங்கல் மண்ணு காஞ்சா கடப்பாரையே துள்ளும், மேல உருண்டைச் சரளை நிக்கும், பயறு கொட்டுன தரையில நடக்குற மாதிரி டயர் வழுக்கும். கார்த்திகை மழை ஓஞ்சு ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்குற மார்கழிதான் நேரம். அப்ப வெட்டி, வளைவுல மண்ண ஏத்தி, திமிசுக்கட்டையால இடிச்சு விட்டுட்டா காத்துப் பட்டுப் பட்டு இறுகி கல்லாயிரும். எங்க பெரிய வளைவு அப்படிப் போட்டதுதான், ஒரு விரிசல் கிடையாது.

ரேஸ். தை மாசம் வைக்க முடியாது, போலீஸுக்கு சிராவயல், கண்டிப்பட்டின்னு மஞ்சுவிரட்டு பந்தோபஸ்து, அதோட பழனிக்கு பாதயாத்திரை போறவங்க ரோடு பூரா நடப்பாங்க. அதனால மாசி. தனியார் நிலம், ரோட்டுக்கு வரமாட்டோம்னு எழுதி, பங்காளிகளோட பத்திரம், ஊர் சம்மதக் கடிதம், ஆம்புலன்ஸ் ஏற்பாடு எல்லாம் சேத்து மனு குடுத்தோம். ஒரு ஆபீஸ்ல சைக்கிள் பந்தயம் எந்த செக்ஷன்லயும் வரலன்னு மேசை மேசையா அலைய விட்டாங்க, அங்க இருந்த ஒரு அம்மாதான் கடைசியில ஃபைல கையில எடுத்துக்கிட்டுப் போயி முடிச்சுக் குடுத்தாங்க. அவங்களுக்கு இன்னும் நன்றி சொல்லிக்கிட்டிருக்கோம்.

நடத்துறதுக்கு எங்களுக்குக் கை குடுத்தது மாட்டுவண்டிப் பந்தயக் கமிட்டிக்காரங்க. கூட்டத்த எங்க நிறுத்தணும், கயிறு எவ்ளோ தூரத்துல கட்டணும், ஜெயிச்சவன் யாருன்னு தகராறு வராம எப்படி எழுதணும்னு அவங்களுக்கு அத்துபடி. மைக்ல பேசுற அண்ணேதான் மாட்டுவண்டிப் பந்தயத்துப் பிரிவுப் பேரையே எங்க பிரிவுகளுக்கும் வச்சாரு. கியரும் டிஸ்க் பிரேக்கும் இருக்குற பெரிய பைக்கெல்லாம் பெரிய மாடு, சாதா கியர் சைக்கிள் நடு மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க பூஞ்சிட்டு. கூட்டத்துக்கு உடனே புரிஞ்சிருச்சு, நாங்க விளக்கியிருந்தா அரை மணி நேரம் ஆயிருக்கும்.

பூஞ்சிட்டுல நிறைய பிள்ளைங்க கொண்டு வந்தது பிளஸ் ஒன்னுல அரசாங்கம் குடுத்த விலையில்லா சைக்கிள். கிளப்லயே சிலர் வேணாம்னாங்க. நான் வேணும்னு நின்னேன். இந்த விளையாட்டே 1976ல கலிஃபோர்னியாவுல பழைய கனத்த சைக்கிள்கள மலைமேல தள்ளிட்டுப் போயி இறக்கத்துல விட்டுத்தான் சூடு பிடிச்சுச்சு, ஹப் பிரேக் சூடாகி கிரீஸ் பொகைஞ்சு போயி ஒவ்வொரு தடவையும் புதுசா கிரீஸ் அடைக்கணும், அந்தப் பாதைக்கே ரீபேக் (மறுபடி அடைக்கிறது)னு பேரு அதனாலதான் வந்துச்சு. உலக சாம்பியன்ஷிப் 1990, ஒலிம்பிக்ல சேந்தது 1996. இருக்குற சைக்கிள வச்சுத்தான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கு. அவங்களுக்கு மேடு குதிக்கிற பகுதிய விட்டுட்டு குட்டைச் சுத்து வச்சோம், ஒவ்வொரு சைக்கிள் பிரேக்கையும் சைக்கிள் கடை அண்ணே கையால பிடிச்சுப் பாத்து, கட்டை தேஞ்சத மாத்திட்டுத்தான் விட்டாரு. ஹெல்மெட் கிளப்லேர்ந்து.

பெரியவங்களுக்கு ஒரு சுத்து நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, சர்வதேச கிராஸ் கன்ட்ரியில வழக்கமா வைக்கிற நாலுலேர்ந்து ஆறுக்குள்ள வர்ற மாதிரிதான் போட்டிருக்கோம். சிப்பு டைமிங்கெல்லாம் கெடையாது. கடைசி மூலையில ஒரு தம்பி உக்காந்து சுத்துக்கு ஒரு கலர்ல ரப்பர் பேண்டு குடுப்பான், முடிக்கும்போது கையில எல்லாக் கலரும் இருக்கணும். குறுக்கு வழின்னு ஒரு புகார்கூட வரல. விடியக்காலை ஆறரைக்கே முதல் பிரிவ விட்டுட்டோம், வெயில் ஏறுறதுக்குள்ள பெரிய மாடு முடிஞ்சிருச்சு. பூஞ்சிட்டுல ஒரு பிளஸ் டூ பொண்ணு, தாம்போதிகிட்ட செயின் கழண்டு கவருக்குள்ள சிக்கிக்கிச்சு, உக்காந்து நோண்டாம அப்படியே சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு மேடு ஏறி ஓடுது, மைக் அண்ணே குரல் போயிருச்சு கத்தி. மூணாவதா வந்துச்சு. ஆச்சி வீட்டுலேர்ந்து தூக்குச் சட்டியில வெள்ளைப் பணியாரமும் மொளகாச் சட்னியும் வந்துச்சு, மலேசியாப் பங்காளி பூஞ்சிட்டுப் பரிசுத் தொகைய நானே தர்றேன்னு அனுப்பியிருந்தாரு.

இப்ப தடத்துல வாராவாரம் பிள்ளைங்க ஓட்டுறாங்க. ஐப்பசி பொறந்ததும் மூடிருவோம், ஈர மண்ணுல டயர் போனா தடம் வாய்க்காலாயிரும், மார்கழியிலதான் மறுபடி தொறக்குறது. அதுக்கு முன்னாடி புரட்டாசியில ஊரு வரத்துக்கால் சுத்தம் பண்ணும்போது கிளப் ஆளுங்க மண்வெட்டியோட போய் நிக்கணும், அது அம்பலத்துக்குக் குடுத்த வாக்கு. திருமயம் பக்கம் ஒரு குரூப் இதே மாதிரி போடணும்னு கேட்டிருக்காங்க, பத்திரத்தோட நகலும் லெவல் டியூபும் குடுத்து விடுறோம், கொத்தனார் அண்ணே முதல் ரெண்டு ஞாயித்துக்கிழமை கூட வர்றேன்னு சொல்லியிருக்காரு.