சென்னை அட்சரேகைக்கு எந்த மவுண்ட்?

விண்மீன்களைப் படமெடுக்க இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது தொலைநோக்கியை. நம் ஊருக்கு மவுண்டைத்தான், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி விண்மீன்களின் நகர்வோடு திருப்பும் கருவியைத்தான், முதலில் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் சென்னையில் ஏறத்தாழ 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, நாகர்கோவிலில் 8. மவுண்ட் சுழலும் அச்சும் அந்த அளவுக்குத் தாழ வேண்டும். அட்சரேகை வரம்பு 10–65 டிகிரி என்று போட்டிருந்தால் சென்னைக்குப் போதும். நாகர்கோவிலில் தென்புறத்தை உயர்த்தி, டிரைபாடையே (மவுண்டைத் தாங்கும் முக்காலி) வடக்கே 2, 3 டிகிரி சாய்த்தாக வேண்டும். டிரைபாட் மட்டமாக இருந்தே தீரவேண்டும் என்றில்லை. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுவதாகத் தெரிகிறதோ அந்தத் துருவத்தை அச்சு பார்த்தால் சரி.

அச்சு இப்படிப் படுத்துக்கிடந்தால் கவுன்டர்வெயிட் (தொலைநோக்கிக்கு ஈடாக மறுபுறம் தொங்கும் எடை) கிட்டத்தட்ட நேர்கீழாகச் சுழன்று வடக்குக் காலில் இடிக்கும். இடித்த பிறகும் மோட்டார் தள்ளும். டிரைபாட் நகரும் அல்லது கிளட்ச் வழுக்கும். அச்சைத் துருவத்துக்கு நேராக்கிய அலைன்மென்ட் போச்சு. இரண்டு கால்கள் வடக்கே விரிந்து ஒற்றைக் கால் தெற்கே வருமாறு திருப்பி வையுங்கள். எடை வடக்கே தொங்குவதால் கவிழும் பயம் மட்டும் சற்றுக் கூடும். இப்படித் திருப்பி வைக்க, டிரைபாட் தலையிலுள்ள அஜிமத் முளையை (மவுண்டை இடவலமாகத் திருப்பும் திருகுகள் பிடிக்கும் முளை) இடம் மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். முடியாதென்றால் மவுண்டை டிரைபாடிலிருந்து உயர்த்தும் 15–20 செ.மீ. நீட்டிப்புக் குழாய்க்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

13 டிகிரி உயரத்தில் புழுதியோ மேகமோ தென்னையோ துருவ நட்சத்திரத்தை மறைப்பது சாதாரணம். லேப்டாப் இருந்தால் நீனா மென்பொருளின் மூன்று புள்ளி அலைன்மென்ட் பிளகின் போதும்; வானத்தின் வேறு பகுதியைப் பார்த்தே பிழையைக் கணித்துவிடும். இல்லாவிட்டால் மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறைதான். தோராய வடக்கைத் திசைகாட்டியில் பிடியுங்கள். உச்சிக்கோட்டருகே (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுவரையை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே உள்ள வட்டம்) ஒட்டிய ஒரு விண்மீனைக் கவனியுங்கள்: அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. அடுத்து, கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு மீன்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் இரண்டும் தலைகீழ்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அச்சில் 1 ஆர்க்மினிட் (டிகிரியில் 60-ல் ஒரு பங்கு) பிழை இருந்தால் மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் 60-ல் ஒரு பங்கு) நகரும். 200 மி.மீ. லென்ஸும் 4.3 மைக்ரான் பிக்சலும் சேர்ந்தால் ஒரு பிக்சல் வானில் 4.4 ஆர்க்செகண்டைப் பிடிக்கும். ஆகவே 10 ஆர்க்மினிட் பிழையோடும் 1 நிமிட எக்ஸ்போஷர் தாராளமாகத் தாங்கும். துருவ நட்சத்திரத்தையே துருவமாக எடுத்துக்கொண்டால் பிழை ஏறத்தாழ 38 ஆர்க்மினிட். நிமிடத்துக்கு 10 ஆர்க்செகண்ட் ஓடி மீன்கள் கோடாகிவிடும்.

இந்த லென்ஸுக்கு முதல் இலக்கு ஒமேகா சென்டாரி. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உதிக்கவே உதிக்காத இந்த விண்மீன் கொத்து, சென்னையில் 29 டிகிரி ஏறுகிறது. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, நேர்தெற்கே. எஃப்/4, ஐஎஸ்ஓ 1600, 1 நிமிடம் வீதம் 40 படங்கள்.