அண்ணாச்சி, நடுவுல மட்டும் பாருங்க

அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) என்று தெரிந்தபோதே, "பிள்ளைகளும் ஒருவாட்டி பாத்துக்கிடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மாதம் தள்ளிப்போட்டு, ஒருவழியாக அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். பேப்பர் படிக்கிறேன், ராத்திரியில் வண்டி ஓட்டுகிறேன், கண்ணுக்கு என்ன குறை?

அழுத்தம் 24 இருந்தது. 21-க்குள் இருந்தால் நல்லதாம். சரி, ஃபீல்டு டெஸ்ட் எடுத்துருவோம் என்றார்கள். நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எங்கெங்கே பார்வை இருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது.

இருட்டறை. ஒரு கண்ணை மறைத்துவிட்டு, நாடியைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்கணும். மின்னியதும் கண் தானாக அங்கே ஓடுகிறது. "அண்ணாச்சி, நடுவுல மட்டும் பாருங்க" என்று டெஸ்ட் எடுத்த பெண் மூன்று தடவை சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் புள்ளியே தெரியாவிட்டால் பயம் வந்து சும்மாவே அமுக்கினேன். ரிப்போர்ட் செல்லாது என்றார்கள். நல்ல கண்ணுக்கே பாதிப் புள்ளிகள் தெரியாதாம். எதுவரைக்கும் தெரிகிறது என்று தேடி மெஷின் வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டே போகுமாம். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

இரண்டாம் தடவை ஒழுங்காக வந்தது. இடது கண்ணில், மூக்குப் பக்கம் மேலே ஒரு திட்டில் பார்வை இல்லை.

"கறுப்பா ஒண்ணும் தெரியலையே டாக்டர்?"

"தெரியாது" என்றார். ஒளியை வாங்கும் செல்கள் 12 கோடி போல இருந்தாலும், மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கேங்ளியன் செல்கள் சுமார் 10 லட்சம்தான். அவற்றில் பெரும்பாலானவை தன் பங்குக்கு உள்ள சின்ன இடத்தின் நடுவையும் சுற்றுவட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைத்தான் சொல்லும். இருட்டு என்பதும் ஒரு செய்தி. இந்த நோயில் சாவது இந்தக் கேங்ளியன் செல்கள்தான். செத்த செல் அதைக்கூட அனுப்பாது. அக்கம்பக்கத்தை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துண்டை விரித்து, எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புளியமுத்தை வைத்தேன். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடப்பக்க முத்தையே பார்த்தபடி குனிந்தேன். ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது வலப்பக்க முத்து காணவில்லை. அங்கே ஓட்டை இல்லை, வெறும் துண்டுதான் தெரிந்தது. கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்களே கிடையாது. அந்த இடம் எல்லோருக்கும் உண்டு, நோயில்லாதவர்களுக்கும்.

இப்போது ராத்திரி தூங்கும் முன் ஒரு சொட்டு மருந்து. ஆறு மாதம் கழித்து மறுபடி அந்தக் கிண்ணம். அண்ணனையும் கூட்டிவரச் சொன்னார்கள். "எனக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியுதேல" என்கிறான்.