கோலகங்சார் அரண்மனையும் அந்த ஒத்த பால்மரமும்

எங்க சுங்கை சிப்புட்ல இருந்து பழைய ரோட்டுல போனா அரை மணி நேரத்துக்குள்ள கோலகங்சார். மலேசியாவுல பேராக் மாநில சுல்தானோட அரச நகரம். ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேரு பினாங்கு போற வழியில ஒரு தே தாரிக் குடிக்க நிறுத்துறதோட சரி, உள்ள போயி பாக்குறதே இல்ல. போன ஸ்கூல் லீவுக்கு அம்மாவையும் தங்கச்சி பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு போனேன், அதைப் பத்தி எழுதணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

பாக்க வேண்டியது எல்லாம் புக்கிட் சண்டான் மேட்டுலதான் இருக்கு. முதல்ல சுல்தான் அஸ்லான் ஷா கேலரி. அது பழைய இஸ்தானா உலு, சுல்தான் இட்ரிஸ் கட்டுனது, 1903ல முடிஞ்ச அரண்மனை. வெள்ளை வெளேர்னு பெரிய கட்டடம், சுத்தி நல்லா பராமரிச்ச புல்லும் மரமும். இடையில பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடமா இருந்து, 2003ல கேலரியா திறந்தாங்க. சுல்தான் அஸ்லான் ஷா மலேசியாவோட பேரரசரா இருந்தப்போ வந்த பரிசுகள், அரச உடுப்பு, கார் எல்லாம் உள்ள இருக்கு. பிள்ளைங்க கார் கிட்ட இருந்து நகரவே மாட்டேன்னுட்டாங்க. எனக்கு உள்ள இருந்த சாமான விட வெளிய தோட்டத்துல நடந்ததுதான் பிடிச்சது.

ஆனா என்னைய கேட்டா அந்த மேட்டுக்கே ராஜா, இஸ்தானா கெனாங்கான்ங்கிற பழைய அரண்மனைதான். 1926ல கட்டுனது, முழுக்க மரமும் மூங்கிலும், ஒரு இரும்பு ஆணி கூட அடிக்கல, பிளானும் வரையல. செப்பியான்னு ஒரு தச்சரும் அவரு பையன்களும் சேந்து கட்டுனாங்க. சுவத்த பாத்தா அசந்துடுவீங்க, மூங்கில சீவி பாய் முடையற மாதிரி முடைஞ்சிருக்காங்க, மஞ்சள், கருப்பு, வெள்ளைன்னு டைமன் டைமனா. அந்த மூணும் பேராக் கொடியோட நிறம், வெள்ளை சுல்தானுக்கு, மஞ்சள் பட்டத்து இளவரசரான ராஜா மூடாவுக்கு, கருப்பு அவருக்கு அடுத்த வாரிசான ராஜா டி ஹிலிருக்கு. மேல இருந்து பாத்தா உறையில போட்ட வாள் மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. இப்ப இருக்குற இஸ்தானா இஸ்கண்டாரியாவ கட்டி முடிக்கிற வரைக்கும், 1931ல இருந்து 1933 வரைக்கும் சுல்தான் இங்கதான் இருந்தாரு. அம்மா வெளிய நின்னு அந்தப் பின்னல ரொம்ப நேரம் பாத்தாங்க. "எத்தன கை வேல செஞ்சிருக்கும்யா இதுல"ன்னாங்க. அரண்மனைய பாத்தா எல்லாரும் சுல்தான் பேர கேப்பாங்க, அம்மா வேலைக்காரங்கள கேட்டாங்க. அது எனக்குப் பெருமையா இருந்துச்சு.

உபுடியா மசூதி பக்கத்துலதான். 1917ல முடிஞ்சது, இத்தாலியில இருந்து வந்த பளிங்க யானைங்க மிதிச்சு உடைச்சதால வேல இழுத்துக்கிட்டே போச்சாம். பொன் நிற குவிமாடம், போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

இதெல்லாம் பாத்துட்டு நேரா வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க, அதுக்காகத்தான் இவ்ளோ எழுதுறேன். கீழ டவுனுக்கு வந்தா ஜில்லா நில அலுவலகம் பக்கத்துல ஒரு பால்மரம், அதான் ரப்பர் மரம், நிக்குது. பலகை வச்சிருக்காங்க. சிங்கப்பூர், மலாயாவுக்கு முதல் முதல்ல வந்த பால்மரக் கூட்டத்துல மிஞ்சுனது அது. ஹென்ரி விக்கம்ங்கிற வெள்ளைக்காரரு 1876ல பிரேசில்ல இருந்து சுமார் 70,000 விதைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு, முளைச்சது சில ஆயிரம்தான், அதுல 22 கன்னு 1877ல சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்துச்சு, அங்க இருந்து ஒன்பது கன்னு கோலகங்சாருக்கு. நட்டவரு ஹியூ லோ, அப்ப பேராக் ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு வெள்ளைக்காரங்க வச்ச ஆலோசகர், கினபாலு மலையோட உச்சிக்கு அவரு பேருதான் வச்சிருக்காங்க. தன் பங்களாத் தோட்டத்துல அழகுக்கும் சோதனைக்கும் வச்ச மரங்க. மரத்த சாகடிக்காம எப்படி பால் வெட்டுறதுன்னு அந்த சிங்கப்பூர் பூங்காவ நடத்துன ரிட்லி கண்டுபிடிச்சதும், கார் டயருக்கு ரப்பர் வேணும்னு உலகமே கேட்டதும் அப்புறம் நடந்தது. அதுக்கப்புறம்தான் காட்ட அழிச்சு தோட்டம் தோட்டமா போட்டாங்க, ஆள் சேக்குற கங்காணிங்க தமிழ்நாட்டுல ஊர் ஊரா போயி நம்ம சனத்த கப்பல்ல ஏத்துனாங்க.

அம்மா பல வருஷம் பால் வெட்டுனவங்க. விடியறதுக்கு முன்ன பெரட்டுன்னு ஆள் கணக்கெடுப்பு, தலையில விளக்க கட்டிக்கிட்டு நெரை நெரையா மரம், வெட்டி முடிச்சதும் பால் வடியுற மங்குல இருந்து பால எடுத்து, காண்டா கம்புல தொங்குற வாளியில தோள்ல சுமக்கணும், மழை வந்தா அன்னைக்கு சம்பளம் இல்ல. அந்தத் தோட்டம் இப்ப செம்பனை, அவங்க குடியிருந்த லயம் இருந்த இடமே தெரியாது. பலகையில இருந்தத நான் படிச்சுச் சொன்னதும் அம்மா மரத்த கீழ இருந்து மேல வரைக்கும் பாத்தாங்க, "இவ்ளோ தடிச்ச மரம் எங்க நெரையில ஒண்ணு கூட இல்ல, இத்தன வயசு வரைக்கும் வுட மாட்டாங்களே, வெட்டிட்டு மறுநடவு பண்ணிடுவாங்க"ன்னாங்க. அப்புறம் பிள்ளைங்கள கூப்புட்டு எந்தப் பக்கம் இருந்து கத்தி இறக்கணும், எவ்ளோ ஆழம் போனா மரத்துக்குக் காயம், வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பால எப்படி உரிக்கணும்னு கைய வீசி வீசிக் காட்டுனாங்க. பெரியவன் போன்ல வீடியோ எடுத்தான். சின்னவ கேட்டா, "பாட்டி, அந்த அரண்மனைய கட்டுன காசு இந்த மரத்துல இருந்து வந்துச்சா?"ன்னு. ஈயமும் சேத்துதான் பேராக்க பணக்கார மாநிலமா ஆக்குச்சு, ஆனா கேள்வி சரியான கேள்வி. ஈய லம்பத்துல, அதான் சுரங்கத்துல, சீனங்க உழைச்சாங்க, பால்மரத்துல நாம.

பக்கத்து தமிழ்ப்பள்ளிகள்ல இருந்து வருஷா வருஷம் பஸ் போட்டு பிள்ளைங்கள எங்கெங்கயோ கூட்டிட்டுப் போறாங்க. ஆசிரியருங்க யாராச்சும் இத படிச்சா, கோலகங்சார் சுத்துலாவுல அந்த மரத்தையும் சேத்துக்கோங்க. பால் வெட்டுன பாட்டி தாத்தா யாராச்சும் இருந்தா அவங்களையும் பஸ்ல ஏத்துங்க, அவங்க சொல்றது எந்தப் பலகையிலயும் எழுதியிருக்காது. காலையில மேட்ட முடிச்சுட்டு வெயில் ஏறுறதுக்குள்ள டவுனுக்கு இறங்கிடுங்க, மரத்துக்கிட்ட அரை மணி நேரமாச்சும் வேணும்.