ராத்திரி இரண்டு மணிக்கு நான் சொன்ன எண்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி குறித்த பிறகுதான் மயக்க மருத்துவர் அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். அறுவைக்குப் பிந்தைய வலியைக் குறைக்கக் காலில் நரம்பு மரக்க ஊசி போடுவார்கள். அதில் இரண்டு முறை. கவட்டைக்கு அருகே தொடை நரம்பில் போட்டால் வலி நன்றாக அடங்கும், ஆனால் தொடைத்தசை தளர்ந்து நடக்கும்போது கால் மடங்கிவிடலாம். தொடையின் நடுவில் உட்பக்கமாகப் போட்டால் தசையின் வலு பெரும்பாலும் தங்கும். வயதானவர்களுக்கு எது நல்லது என்று பார்க்கிறார்கள்.

யாருக்கு எந்த ஊசி என்பதைக் கணினி குலுக்கல்போல முடிவு செய்யும். எனக்கும் தெரியாது, வலியைக் கேட்டு எழுதும் நர்ஸுக்கும் தெரியாது. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை குறையாது என்ற வரியை மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்புறம்தான் கையெழுத்து.

அறுவை சுலபமாக முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். எலும்பில் தட்டும் சத்தம் கேட்டது, வலி இல்லை.

கஷ்டம் அன்று இரவுதான். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. மாலை வரை 1, 2 என்றே சொல்லி வந்தேன். இரண்டு மணிக்கு ஊசியின் வீரியம் இறங்கியதும் வலி ஒரேயடியாக ஏறியது. நர்ஸ் வந்து கேட்டபோது 5 என்றேன். உண்மையில் அது 8. இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்களே, என்னால் ஆய்வு கெட்டுவிடக் கூடாதே என்று நினைத்துவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அம்மா, நீங்க குறைச்சுச் சொன்னா, உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் இந்த மருந்தே போதும்னு ஆயிடும். காலை மடக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மடக்கினேன். 8 என்றேன். மார்ஃபின் கொடுத்தார். அரை மணி நேரத்தில் 4-க்கு இறங்கியது.

அடுத்த கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி. மறதி நோய், எண் கேட்டால் பேரன் பெயரைச் சொல்வார். அவரிடம் நர்ஸ் எண்ணே கேட்கவில்லை. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதலாகத் தொட்டால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் கவனித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டார். நான் தூங்காமல் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். வலியை வாயால் சொல்ல முடியாதவர்கள் என்றால் பச்சைக் குழந்தைகளும்தான் என்றார் அவர். பச்சைக் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, 1980-கள் வரைகூடப் பல இடங்களில் போதிய மயக்க மருந்து இல்லாமல் அறுவை செய்திருக்கிறார்களாம். 1987-இல் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது என்றார். கேட்கவே நெஞ்சு பதறியது.

எனக்கு எந்த ஊசி போட்டார்கள் என்பது ஆய்வு முடிந்த பிறகுதான் தெரியும். மூன்றாம் மாதம் போனில் கேட்டார்கள், படி இறங்கும்போது வலி எவ்வளவு என்று. சற்று இருக்கச் சொல்லிவிட்டு, இறங்கிப் பார்த்துவிட்டு வந்து 3 என்றேன்.