தோமானா, விராலா? செதிலைப் பாருங்கள்

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடும் நம்மவர்கள், பாம்பின் தலையும் உருண்டு நீண்ட உடலும் கொண்ட எந்த மீன் சிக்கினாலும் அதை விரால் என்றே சொல்லிவிடுகிறார்கள். மலாய்க்காரர்கள் ஹாருவான், தோமான், புஜுக் என்று தனித்தனியே அழைக்கும் மூன்று மீன்கள் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிப்போகின்றன. ஊரில் நாம் அறிந்த விரால் இவற்றில் ஹாருவான் மட்டுமே.

பெரும்பாலோர் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். என் கருத்தில், கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான். தோமான் குஞ்சாக இருக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில், தலை முதல் வால் வரை ஓடும் இரண்டு கறுப்புக் கோடுகளுடன் இருக்கும். வளர வளரச் செம்மை மங்கிக் கோடுகள் சிதைந்து, முழு வளர்ச்சியில் முதுகு நீலம் கலந்த கறுப்பாகவும் வயிறு வெளுப்பாகவும் மாறிவிடும். இந்த மாற்றத்தின் நடுவே, முழங்கை நீளத்தில் அகப்படும் தோமானைத்தான் பலர் விரால் என்று எண்ணிவிடுகிறார்கள். விராலின் விலாவில் இருப்பவை சாய்வான பட்டைகள். அவையும் கலங்கிய நீரில் கறுத்து மறைந்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, புஜுக்கின் குஞ்சுக்கும் நீளவாக்கில் கோடுகள் உண்டு.

செதில் அப்படி ஏமாற்றுவதில்லை. விராலின் செதில்கள் பெரியவை. விலாவில் செவுள் முதல் வால் வரை ஓடும் பக்கக்கோட்டை ஒட்டி எண்ணினால் ஐம்பதைச் சற்றே தாண்டும். தோமானின் செதில்களோ பொடிப்பொடியாக நெருங்கி அமைந்து எண்பதைக் கடந்துவிடும். கரையில் நின்று எண்ண வேண்டியதில்லை, விரலால் தடவினாலே வேறுபாடு புலப்படும். ஈரச் சந்தையில் நிறம் செத்துக் கிடக்கும் மீனுக்கும் இதுவே அடையாளம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயம் ஆற விரால் சூப்பு வைக்க விரும்புகிறவர்கள், துண்டு போடச் சொல்வதற்கு முன் தோலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புஜுக்கைத் தலையைக் கொண்டே கண்டுகொள்ளலாம். விராலின் தலை அகன்று தட்டையாக இருக்கும். புஜுக்கின் முகம் கூர்மையானது, கண்ணுக்கு மேலே நெற்றி சற்றுக் குழிந்திருக்கும். ஐயம் தீராவிட்டால் மீனைத் திருப்பித் தாடையின் அடிப்பகுதியைப் பாருங்கள்: அங்கே செதில் திட்டு ஒன்று இருந்தால் அது புஜுக். காட்டு ஓடைகளையும் சதுப்புநிலங்களையும் விரும்பும் இம்மீன் தூண்டில்காரர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

பெயர் தெரிந்து ஆகப்போவது என்ன என்று சிலர் கேட்பார்கள். தோமான் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதன் பற்களுக்கு மெல்லிய தூண்டில் நரம்பு தாங்காது, கொக்கியைக் கழற்ற நீண்ட இடுக்கியும் வேண்டும். நீர்த்தேக்கங்களில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே, அதுவும் செயற்கை இரையைக் கொண்டே மீன் பிடிக்கலாம் என்ற விதி எந்த மீனுக்கும் பொதுவானது. எனினும், நீர்மட்டத்தில் சிவந்த குஞ்சுக் கூட்டம் மிதந்து மிதந்து மூச்செடுப்பதைக் கண்டதும் அதன் நடுவே இரையை எறிகிற பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கீழே காவல் நிற்கும் தாய்தந்தை மீன்கள் பசியால் பாய்வதில்லை, குஞ்சுகளைக் காக்கவே பாய்கின்றன. அவற்றைப் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.