ஐரோப்பாவுக்கு ஐரோப்பா மருந்து

வியாசர்பாடியில் பிரேசில் ரசிகனாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பிரேசில் கடைசியாக கால்பந்து உலகக் கோப்பை வாங்கியது 2002-ல். அதற்கு அப்புறம் 2006-ல் பிரான்ஸ், 2010-ல் நெதர்லாந்து, 2014-ல் ஜெர்மனி, 2018-ல் பெல்ஜியம், 2022-ல் குரோஷியா என்று ஐரோப்பாக்காரர்கள் முறை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் 7-1 என்று தோற்ற அந்த ஜெர்மனி மேட்ச் இருக்கிறதே... டீக்கடையில் எழுபத்தொரு ரூபாய் பில் வந்தால் போதும், அர்ஜென்டினா கோஷ்டி அதை "ஏழு, ஒண்ணு" என்று பிரித்துப் படிக்கும். நாங்களும் "சவுதிகிட்ட தோத்தவங்கதானே நீங்க" என்போம். "அதே 2022-ல கப்பும் வாங்கினோம்ணா" என்று பதில் வரும். சரி, அதோடு நிறுத்திக்கொள்வோம்.

இந்த முறை ஐரோப்பாக்காரனை அடிக்க இத்தாலிக்காரர் அன்சலோட்டியையே கோச்சாகப் போட்டிருக்கிறது பிரேசில். நல்ல ராஜதந்திரம்தான்.

2026-ல் மொத்தம் 48 அணிகள், 104 மேட்ச். குரூப்பில் மூன்றாவதாக வருகிற 12 அணிகளில் எட்டு, அடுத்த சுற்றுக்குப் போகும். அரியர் வைத்தவனுக்கும் பிரமோஷன்! ஒன்றரை லட்சம் பேர் வாழும் குராசாவ் என்கிற குட்டித் தீவு கூட ஆடுகிறது. நம்ம பெரம்பூர் தொகுதியின் வாக்காளர் பட்டியலே அதைவிடப் பெரிது. இந்தியா? 1950-ல் கூப்பிட்டார்கள், நாம்தான் போகவில்லை.

மேட்ச் பாதி விடியற்காலையில். கோல் விழுந்தால் கத்துவேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போதே மன்னித்துவிடுங்கள். மாடிவீட்டு அர்ஜென்டினா அண்ணனைத் தவிர. அவருக்குக் கேட்கத்தான் கத்துவதே.